அடிப்படையைக் காணவில்லை

திங்கள் காலை ஏழே முக்கால்.
வினிப்பெக்கில் மைனஸ் இருபத்தெட்டு.
பனி படர்ந்த கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
எட்டாம் தாளைத் திறந்தால்
குழாய் இருக்கிறது, தெரு இல்லை.

மழைநீர்க் குழாய், அறுநூறு மில்லிமீட்டர்,
பச்சைக் கோடாகக்
கறுப்புத் திரையில் தொங்குகிறது.
பக்கத்தில் ஒரு மேன்ஹோல் மூடி,
எதை மூடுகிறோம் என்று தெரியாமல்.

ஒன்பதைத் திறந்தேன். பத்து. இருபத்திரண்டு.
எல்லாவற்றின் மூலையிலும் ஒரே வரி:
அடிப்படையைக் காணவில்லை.

காணாமல் போகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.
வெள்ளி மாலை, கிளம்புகிற அவசரத்தில்,
புதிதாய்ச் சேர்ந்த குர்நூர்
ஃபோல்டர் பெயரிலிருந்த எழுத்துப் பிழையைத்
திருத்திவிட்டுப் போயிருக்கிறான்.
ஒன்பது வருடப் பிழை.
நாற்பத்திரண்டு தாள்களும்
அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தன.
அவனை என்ன சொல்ல?

வியாழன் டெண்டர்.
தாள் தாளாக வழி சொல்ல உட்கார்ந்தேன்.
இந்த டிரைவ், இந்தத் திட்டம், உள்ளே போ, இன்னும் உள்ளே,
இதோ உன் மக்கல்லம் தெரு.

அங்கே போனால் தெருக்கள் ஆறு.
இறுதி.
இறுதி_2.
இறுதி_ஒக்ஸானா.
உண்மையான_இறுதி.
இதைத்தான்_பயன்படுத்தவும்.
பழையது_அழிக்காதே.

ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய்,
இனிமேல் ஊறப்போகும் காய்.
வினைத்தொகைக்குப் பள்ளியில்
வேறு உதாரணமே தந்ததில்லை.
எங்கள் இறுதியும் அந்த ஜாடியில்தான் கிடக்கிறது:
முடிந்தது, முடிகிறது,
நகராட்சி மனம் வைத்தால் முடியும்.

தேதியை நம்பலாமா?
ஆகப் புதியதைத் திறந்தவர் ரெய்னால்டோ.
ஓர் அளவு பார்க்கத் திறந்தார்.
மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்டது.
கை தானாக 'ஆம்' சொல்லிவிட்டது.

நான் நம்பியது 'அழிக்காதே'யை.
அதில்தான், போன பிப்ரவரியில் டெலோர்ம்
மண்வெட்டியால் பனியை விலக்கி
மூடி மூடியாய் எடுத்த மட்டங்கள்
மூன்றாம் தசமம்வரை அப்படியே இருந்தன.
மற்ற ஐந்திலும் யாரோ முழு எண்ணாக்கியிருந்தார்கள்,
பார்வைக்கு அழகாக.

அதை இணைத்தேன்.
குழாய்களுக்கு அடியில்
தெரு வந்து படுத்தது.

அப்புறம்தான் கவனித்தேன்,
லேயர் பட்டியலில் ஒன்றன் எதிரே
சின்னதாய் ஒரு பனிப்பூ.
உறையவைத்திருக்கிறார்கள்.
இந்த ஊரில் அது ஒரு செய்தியா?
சொடுக்கினேன். பனிப்பூ சூரியனானது.

பதினேழு எல்ம் மரங்கள்.
வட்டம் வட்டமாக, ஒவ்வொன்றிலும் தண்டின் விட்டம் எழுதி.
அச்சில் நெரிசலாகத் தெரிகிறதென்று
எப்போதோ யாரோ மறைத்தவை.
எங்கள் பச்சைக் கோடு
பதினோராம் மரத்தின் நடுவே போகிறது,
பன்னிரண்டாவதை உரசிக்கொண்டு.
விட்டம் எண்பத்து நான்கு சென்டிமீட்டர்.
திரையில் கோட்டின்மேல் கோடு, அவ்வளவுதான்.

ஒக்ஸானாவைக் கூப்பிட்டேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தாள்.
நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"ஒன்றரை மீட்டர் மேற்கே தள்ளினால் கேஸ் லைன்."
"தெரியும்."
"வியாழன்?"
"அதுவும் தெரியும்."

மதியம் எல்லோருக்கும் எழுதினேன்:
பிழையாகவே இருந்தாலும் பெயரை மாற்றாதீர்கள்.
இறுதி என்ற சொல் இனி வேண்டாம், எண் போதும்.
மரங்களை உறையவைக்காதீர்கள்.
சந்தேகம் இருந்தால் என் மேசைக்கு வாருங்கள்,
சூடாக டீ இருக்கிறது.
குர்நூர் வந்தான். டீ மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

பிறகு கோட்டை நகர்த்தப் போனேன்.
கோப்பு பூட்டியிருக்கிறது என்றது திரை.
பயன்படுத்துபவர்: என் பெயர்.

காலையில் மூலைக் கணினியில் திறந்து
பாதியில் எழுந்து வந்தவள்
நான்தான்.